ரிஸ்க் ரெஜிஸ்டரிலிருந்து ஆட்களை எடுத்துவிடாதீர்கள்: எபேன் திட்ட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

மொரீஷியஸின் எபேனில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்று, மாதாந்திர ரிஸ்க் கூட்டத்தில் பார்க்கும் ரெஜிஸ்டரில், அதாவது திட்டத்தின் ஆபத்துப் பட்டியலில், இனி 'குழுவின் நலம்' என்ற வரி இருக்காது என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த வரி மனிதவளத் துறைக்குப் போகிறதாம். அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு கருத்துக் கணிப்பு, ஓர் உதவித் தொலைபேசி எண், வெள்ளிக்கிழமை மதியம் யோகா. மற்றவர்களும் இதே வழியில் போக யோசிப்பதாகக் கேள்விப்படுகிறோம். அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லாருக்கும்.

இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. யோகாவின் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஒரு குழு இரவு பதினொரு மணிக்கு வேலை பார்ப்பது மூச்சுப்பயிற்சி தெரியாததால் அல்ல, திட்டத்துக்குப் போட்ட கணக்கால். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நீங்கள். மாற்றும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது. மனிதவளத் துறையால் டெலிவரி தேதியை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க முடியாது. அவர்களிடம் இந்த வரியைக் கொடுப்பது, நெருப்புக்கு வாளியைக் கொடுத்துவிட்டுக் குழாயைப் பூட்டுவது மாதிரி.

டெஸ்டிங், டெலிவரி, தொழில் பாதுகாப்புக் குழு வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். தமிழில் எழுதக் காரணம், உங்களில் பலருக்கு இது வாசிக்க வரும். பிரெஞ்சில் எழுதியிருந்தால் புகார்க் கடிதமாகி ஃபைலுக்குள் போயிருக்கும்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஆறு பேர் குழு, இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது ஒரு வேலைச் சுற்று. தாளில் 60 ஆள்-நாள். இடையில் தைப்பூசக் காவடி விடுமுறை விழுந்தால் 6 போய் 54. ஒருவர் பழைய பதிப்பின் டிக்கெட்டுகளை, அதாவது பதிவான பிழைப் புகார்களை, மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய 9 நாளும் போய் 45. தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டம் என்றால், எட்டு மணி நேர வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே. மிஞ்சுவது 36 அல்லது 37 நாள். வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டதோ 60 நாள் வேலைக்கு. இன்னும் யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை, கவனியுங்கள். துண்டு விழும் அந்த 23 நாளை எங்கிருந்து எடுப்பது? இரவிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுக்கிறார்கள். இது யாருடைய மனோபலக் குறைவும் அல்ல, வெறும் கழித்தல் கணக்கு. டெண்டர் போடுகிற அன்றே இதைச் செய்து பார்த்துவிடலாம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கணக்கு இன்னும் கெடுகிறது. வருடா வருடம் கெடுகிறது, வருடா வருடம் எதிர்பாராதது போல நடந்துகொள்கிறோம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸ் குளிர்கால நேரத்துக்கு மாறியதும் நமக்கும் அவர்களுக்குமான வித்தியாசம் இரண்டு மணியிலிருந்து மூன்றாகிறது. அவர்கள் காலை ஒன்பதுக்குக் கணினியைத் திறக்கும்போது இங்கே நண்பகல் பன்னிரண்டு, அதாவது நம் சாப்பாட்டு நேரத்தில் முதல் அழைப்பு வருகிறது. அவர்கள் சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் நமக்கு மாலை ஐந்து. அவர்களுடைய மாலை ஆறு மணி முடிவு இரவு ஒன்பதுக்கு நம் கைக்கு வருகிறது. காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்த குழு, பதில் வராமல் அரை நாள் காத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் உண்மையான வேலையைத் தொடங்குகிறது.

இதே மூன்று மாதங்களில்தான் வாடிக்கையாளரின் புதிய நிதியாண்டு ரிலீஸ்கள், அதாவது புதிய பதிப்பு வெளியீடுகள், குவிகின்றன. புயல் பருவமும் இதுதான். காவடி, பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிப்பு நாள், சீன வசந்த விழா, மகா சிவராத்திரி என்று விடுமுறைகளும் இங்கேதான் நெருங்கி வருகின்றன. இவற்றில் ஒன்றுகூட பிரெஞ்சு நாட்காட்டியில் இல்லை. காவடி எடுப்பவர் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதத்தில் இருப்பார், மாலையில் கோயிலில் இருப்பார். அந்தப் பத்து நாளுக்குள் இரவு ரிலீஸ் வைத்துவிட்டு, அவர் சம்மதித்தார் என்று பதிவு செய்கிறீர்கள். அவர் சம்மதிக்கவில்லை, மறுக்க வழி தெரியாமல் இருந்தார்.

புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் அடித்துப் போனதை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அலுவலகங்களை மூடுவதில் கொஞ்சம் விழிப்பு வந்திருக்கிறது. ஆனால் அலுவலகங்களை மூடவைக்கும் மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை மடிக்கணினிக்குக் கிடையாது போலும். கூரையில் தண்ணீர் ஒழுகுகிற வீட்டில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாமல், போன் டேட்டாவை வைத்து ஆன்-கால் பார்க்கிறார்கள், அதாவது எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு மூன்றாம் வகுப்பு என்றால் என்னவென்றே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி போதும்: மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததிலிருந்து அது விலகும் வரை பதில் நேரக் கடிகாரம் நிற்கும்.

'மனசு சம்பந்தப்பட்டதை எப்படி அளப்பது?' என்று கேட்கிறீர்கள். மனசை அளக்கச் சொல்லவில்லை, வேலையை அளக்கச் சொல்கிறோம். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை வெகுகாலமாக ஆறு தலைப்புகளில் பார்க்கச் சொல்கிறது: வேலைப்பளு, தன் வேலையின் மீது ஒருவருக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 45003 என்ற சர்வதேச வழிகாட்டி இதே விஷயத்தைப் பாதுகாப்பு மேலாண்மையின் உள்ளேயே வைத்து நடத்தச் சொல்கிறது. நம் ஊர்த் திட்டக் குழுக்களில் இந்த ஆறும் தெரிகிற இடங்கள் எங்களுக்கு அத்துப்படி. ஒரே ஆளுக்கு இரண்டு மேலாளர்கள், இருவருக்கும் அவர் முழு நேரம். ஸ்கோப், அதாவது செய்யவேண்டிய வேலையின் எல்லை, மாறுகிறது, தேதி மாறுவதில்லை. ஒரு பகுதியை அறிந்தவர் ஒரே ஒருவர். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்தவரின் வேலை பர்மிட் இதே வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் அவர் எதற்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை. இவை எல்லாம் திட்டம் தொடங்கும் முன்பே தெரிகிற ஆபத்துகள்தானே?

அளப்பதற்கான எண்கள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. டைம்ஷீட், டிக்கெட் மூடிய நேரம், நிரல் சேர்த்த நேரம், ரிலீஸ் நாட்காட்டி, எடுக்காமல் கிடக்கும் விடுப்பு, ரத்தான விடுப்பு. இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். அறிக்கை பெரும்பாலும் சர்வரின் நேரத்தில் வருகிறது. பாரிஸ் நேரத்தில் 18:30 என்று காட்டினால் பார்ப்பவருக்கு நியாயமான மாலை வேலையாகத் தோன்றும். குளிர்காலத்தில் அது இங்கே இரவு 21:30. உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தால் நான்கு மணி நேரம் கூட்டவேண்டும். உங்கள் அறிக்கைகளில் இரவு வேலை தெரியாமல் போவதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறோம். அடுத்தது டைம்ஷீட். திட்டத்துக்கு ஒதுக்கிய மணிக்கு மேல் எழுதினால் கேள்வி வரும் என்பதால் எல்லாரும் எட்டு எட்டாக எழுதுகிறார்கள். நாற்பது பேர் எட்டு வாரம் தொடர்ந்து சரியாக எட்டு மணி எழுதியிருந்தால் அது ஒழுங்கு அல்ல, பயம்.

இந்த எண்களைக் குழு அளவில் மட்டும் பாருங்கள். தனி ஆளின் பெயரோடு பார்க்கத் தொடங்கினால் அடுத்த மாதமே எண் பொய்யாகிவிடும். லாக்-ஆஃப் செய்துவிட்டு வேலை பார்ப்பார்கள்.

எண்ணுக்குப் பிறகு பேச்சு. ஆறு முதல் எட்டுப் பேர், முக்கால் மணி நேரம், மேலாளர் இல்லாமல். கிரியோலோ தமிழோ பிரெஞ்சோ, எந்த மொழியில் வாய் வருகிறதோ அதில். 'எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு' என்றே பதில் வரும். இப்படிக் கேட்கவேண்டும்: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் சாப்பாட்டு இடைவேளை கிடைக்கவில்லை? இரவு ஒன்பதுக்குப் பிறகு எத்தனை அழைப்பு? எந்த வேலையை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எத்தனை முறை நின்றீர்கள்? எதை நிறுத்தினால் அடுத்த வாரம் இலகுவாகும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் தீர்வு. அதுவும் செலவில்லாத தீர்வாகவே இருக்கும், ஒரு தினசரி அறிக்கையை நிறுத்துவது மாதிரி.

பிறகு ரெஜிஸ்டரில் எழுதுவது. 'மன அழுத்தம், நடுத்தரம், கண்காணிக்கவும்' என்று எழுதிய வரிகளை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறோம். அந்த வரியை எடுத்துவிட்டதில் எந்த நஷ்டமும் இல்லைதான், ஒப்புக்கொள்கிறோம். எழுத வேண்டிய விதம் வேறு. உதாரணமாக: 'பேமென்ட் பகுதியை அறிந்தவர் இருவர் மட்டும். இருவரும் மாறி மாறி ஆன்-கால். பிப்ரவரியில் மூன்று இரவு ரிலீஸ். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவருக்குத் தொடர்ந்து 14 நாள் முழு ஓய்வு இருக்காது. மூன்றாமவர் ஜனவரி 15-க்குள் ஆறு நாள் அவர்களோடு உட்கார்ந்து கற்கவேண்டும். ஒரு ரிலீஸ் மார்ச்சுக்குத் தள்ளப்படும். பொறுப்பு: திட்ட இயக்குநர்.' இதில் காரணம் இருக்கிறது, நடக்கப்போவது இருக்கிறது, தேதியும் பொறுப்பாளரும் இருக்கிறார்கள். இதைக் கூட்டத்தில் வைத்தால் பேசாமல் தாண்டிப் போக முடியாது.

வாய்ப்பையும் பாதிப்பையும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டுப் பெருக்குகிறீர்கள், சரி. ஆனால் இந்த வகை ஆபத்துக்கு மூன்றாவதாகக் காலத்தையும் பார்க்கவேண்டும். ஒரு ரிலீஸ் வாரத்தில் 52 மணி நேரம் உழைத்து அடுத்த வாரம் ஓய்வெடுப்பது வேறு. எட்டு வாரம் விடாமல் 49 மணி நேரம் உழைப்பது வேறு. இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும், முதலாவதுதான் கூட்டத்தில் பேசப்படும். சராசரியும் ஏமாற்றும். ஏழு பேரில் ஐவர் 40, இருவர் 58 என்றால் சராசரி 45 சொச்சம், சட்டம் சொல்லும் வார அளவையொட்டி அழகாக உட்கார்ந்திருக்கும். அந்த இருவர் எங்கே போனார்கள்? அதனால் சராசரியோடு உச்சத்தையும் எழுதுங்கள்.

மதிப்பெண் போடுவது யார் என்பதும் முக்கியம். இப்போது திட்ட மேலாளர் போடுகிறார். தேதி தவறினால் கேள்வி கேட்கப்படுபவரும் அவர்தான், அதனால் அவர் குறைத்துத்தான் போடுவார். அவரைக் குறைசொல்லவில்லை. குழுவிலேயே அதிகம் களைத்தவர் பல நேரம் அவராகவே இருப்பார், அவருக்கு மதிப்பெண் போட யாருமில்லை. குழுவின் பிரதிநிதி ஒருவரும் தனியாக மதிப்பெண் போடட்டும். இருவர் எண்ணும் ஒத்துப்போகவேண்டும் என்பதில்லை. ஒருவர் 6, மற்றவர் 20 என்று போட்டால் அந்த இடைவெளியே அந்த மாதத்தின் மிகப் பெரிய செய்தி.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லியிருக்கின்றன. நம் சட்டத்தின் வார அளவு 45. ஐந்து நாள் வாரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கூடினால் 55. அதாவது இரவு ஒன்பது மணி அழைப்பைத் தினமும் எடுக்கிற ஒருவர் இந்த எல்லைக்கு எப்போதோ வந்துவிட்டார்.

'வாடிக்கையாளர் போய்விடுவார்' என்பது அடுத்து வரும் பதில். இது எங்களுக்குப் புரியாததல்ல. ஆனால் அந்த வாடிக்கையாளர் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறார் என்று பாருங்கள். பிரான்சில் ஓர் ஊழியருக்கு ஒரு வேலைநாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் 11 மணி நேரத் தொடர் ஓய்வு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகும் உரிமையும் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அதே 2017-இல் வந்த விழிப்புக் கடமைச் சட்டத்தின்படி, அங்கே குறைந்தது 5,000 பேரை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் துணை ஒப்பந்தக்காரர்களிடம் நடக்கும் கடுமையான உடல்நல, உரிமை மீறல்களையும் கவனிக்கவேண்டும். உங்கள் பெரிய வாடிக்கையாளர்களில் சிலர் இந்த வரம்புக்குள் வரக்கூடும். அவர்களிடம் போய் '11 மணி நேர ஓய்வு எங்கள் ஆட்களுக்கும் வேண்டும்' என்று சொல்வது பிச்சை கேட்பது அல்ல. அவர்களுடைய சொந்தச் சட்ட ஆலோசகரே தலையாட்டுவார். ஆனால் இதுவரை ஒரு டெண்டரிலாவது இதை எழுதிப் பார்த்தீர்களா?

இங்குள்ள சட்டமும் ஊமை அல்ல. 2005-இன் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் வேலையால் ஊழியருக்கு வரும் ஆபத்தை மதிப்பிடும் கடமையை முதலாளியிடம் வைத்திருக்கிறது. மின்கம்பிக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் என்று அது சொல்லவில்லை. மொரீஷியஸ் 2021-இல் ஏற்ற உலகத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, வன்முறையோடும் தொல்லையோடும் சேர்ந்துவரும் உளசமூக ஆபத்துகளைப் பாதுகாப்பு மேலாண்மையில் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அழைப்பில் வாடிக்கையாளர் கத்துவதும் இதில் சேரும். அதைக் கேட்டுக்கொண்டு மேலாளர் மைக்கை மியூட்டில் வைத்திருந்ததும் சேரும்.

ரகசியம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இது சின்னத் தீவு. ரோஸ் ஹில்லில் சொன்னது மாலைக்குள் கத்ர் போர்னில் தெரியும். ஏழு பேர் குழுவில் வயது, பாலினம், எத்தனை வருட வேலை என்று மூன்று கேள்வி கேட்டால் அதற்குப் பிறகு பெயர் எழுதத் தேவையே இல்லை. உங்கள் ஆண்டுக் கருத்துக் கணிப்பில் இந்த மூன்றும் இருக்கின்றன. பிறகு 'எல்லாரும் திருப்தி' என்று முடிவு வந்தால் ஆச்சரியமா?

இனி நாங்கள் கேட்பது.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மற்ற நிறுவனத்தார் அதைப் பின்பற்றாதீர்கள். குழுவின் நலம் ரிஸ்க் ரெஜிஸ்டரில் இருக்கட்டும், பொறுப்பாளராகத் திட்ட இயக்குநர் பெயர் இருக்கட்டும். மனிதவளத் துறை உதவட்டும், சுமக்கவேண்டாம்.

மதிப்பீட்டை டெண்டருக்கு முன் ஒரு முறை, திட்டம் தொடங்கும்போது ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை செய்யுங்கள். ஸ்கோப் மாறினால் அந்த வாரமே செய்யுங்கள். மேலே போட்ட கழித்தல் கணக்கு டெண்டர் தாளோடு இணைக்கப்படவேண்டும். அதில் கையெழுத்து இல்லாமல் தேதி ஒப்புக்கொள்ளக்கூடாது.

எப்போது மேலே கொண்டுபோவது என்பதற்கு எல்லைகள் வேண்டும். எங்கள் முன்மொழிவு: யாராவது தொடர்ந்து இரண்டு வாரம் 48 மணியைத் தாண்டினால் மஞ்சள், மூன்று வாரமானால் சிவப்பு. ஒரே வாரத்தில் இரண்டு முறை 11 மணி நேர ஓய்வு உடைந்தால் நேரே சிவப்பு. ஆன்-கால் நான்கு வாரத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஒருவருக்கு வரக்கூடாது. சிவப்பு வந்தால் ஐந்து வேலைநாளுக்குள் ஸ்கோப்போ தேதியோ ஆளோ, மூன்றில் ஒன்று மாறவேண்டும். 'பேசினோம்' என்பது மாற்றம் அல்ல.

இரவு ரிலீஸ் ஒன்றரை மணிக்கு முடிந்தால் அந்த ஆள் மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு முன் லாக்-இன் செய்யக்கூடாது. கடைசி பஸ் போன பிறகு அலுவலகத்தில் இருப்பவருக்கு டாக்ஸி நிறுவனத்தின் செலவு. பழைய பதிப்புக்கே பின்வாங்குவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் ஒருவர் பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டு, அவர் அன்றிரவு விழித்திருக்கவேண்டும். நடு இரவில் முடிவெடுக்க ஆளில்லாமல் நான்கு பேர் காத்திருப்பதுதான் இந்த ரிலீஸ்களில் வீணாகும் நேரத்தின் பெரும்பகுதி.

நவம்பர் முதல் மார்ச் வரை, விரும்புகிற குழுக்கள் காலை பத்தரைக்குத் தொடங்கட்டும், முதலும் முடிவும் எழுத்தில் இருக்கட்டும். காவடியின் பத்து நாளில், விரதம் இருப்பதாகச் சொன்னவரை இரவுப் பட்டியலில் போடாதீர்கள். மற்ற சமூகத்தாரின் விரத நாட்களுக்கும் இதே விதி.

கருத்துக் கணிப்பில் குழுவின் பெயர் மட்டும் போதும். எட்டுப் பதிலுக்குக் குறைந்தால் முடிவை வெளியிடாமல் பெரிய பிரிவோடு சேர்த்துவிடுங்கள். தொல்லை பற்றிய புகார் திட்ட மேலாளர் வழியாகப் போகக்கூடாது, பாதுகாப்புக் குழுவின் பிரதிநிதியிடம் நேராகப் போகவேண்டும். பர்மிட்டில் வந்தவர்களுக்கு, புகார் செய்ததால் பர்மிட் புதுப்பிப்பு பாதிக்கப்படாது என்று எழுதிக் கொடுங்கள்.

அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் பதில் வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், ஆனால் எழுத்தில் வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'சரி' அல்லது 'இல்லை, காரணம் இது' என்று.

இப்படிக்கு,
எபேனில் திட்டக் குழுக்களில் பணிபுரியும் தமிழர்கள்